துறைமுகக் கரையில் மின் அளவி கட்டும் பிள்ளைகளுக்கு



உவர்மலையிலும் திருக்கடலூரிலும் உட்துறைமுக வீதியிலும், அங்கால் சீனன்குடா, வெள்ளைமணல், கிண்ணியா வரைக்கும், மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் சின்ன பிளாஸ்ரிக் பெட்டியொன்றைப் பூட்டி, வீடு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று கைபேசியில் பார்க்க முயலும் உங்கள் எல்லாருக்குமாக இந்த மடலை எழுதுகிறேன். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படிக்கிறவர்கள், படித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள், பகல் முழுக்கக் கடலிலோ கராஜிலோ நின்றுவிட்டு இரவில் ஈயம் பற்றவைக்கிறவர்கள் என்று பலவிதமானவர்கள் நீங்கள். ஆனால் வேலை செய்யாத பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறீர்கள்: "கோட் பிழைக்குது போல."

கோட் பிழைப்பது அரிது. உலகமெங்கும் எத்தனையோ பேர் ஓட்டிப் பார்த்த நிரலைத்தான் நீங்களும் ஏற்றியிருக்கிறீர்கள். அதையே அழித்து அழித்து ஏற்றுவதில் போகும் இரவுகளை வயரிலும், மின்வழங்கியிலும், சுவரில் தொங்கும் மின்சார சபையின் மீற்றரிலும் செலவழியுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதத் தொடங்கினேன். அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று உண்டு. பேசாத அளவியால் யாருக்கும் கேடில்லை. பெட்டி செத்துப்போச்சு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பிழையான எண்ணைத் தெளிவாகக் காட்டிக்கொண்டிருக்கும் அளவிதான் குடும்பத்தைக் கெடுக்கும்.

எப்படிக் கெடுக்கும் என்பதை நம் மின்பட்டியலே சொல்லும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்டை வெட்டினார்கள். அந்த ஓகஸ்ட்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் அதன் மேல் 66 சதவீதம். பிறகு இறங்குவதும் ஏறுவதுமாக இருக்கிறது. விலை எப்படி மாறினாலும் வீட்டுக் கட்டணத்தில் 60 அலகு என்ற கோடு அப்படியே நிற்கிறது. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கட்டண வரிசை. 60 ஐத் தாண்டிய வீட்டுக்கு முதல் அலகிலிருந்தே வேறு வரிசை, நிலையான கட்டணமும் கூட. அதாவது 61 ஆவது அலகின் விலை அந்த ஓர் அலகோடு முடிவதில்லை. கீழே இருக்கும் 60 ஐயும் அது இழுத்துக்கொண்டு ஏறுகிறது. இப்போது உங்கள் அளவி 10 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது என்று வையுங்கள். உண்மையில் வீடு 61 ஐத் தொட்ட அன்று கைபேசியில் 55 என்று நிற்கும். இன்னும் ஐந்து அலகு கிடக்கிறதே என்று அம்மா அன்றைக்கு முழு வீட்டு உடுப்பையும் அயன் பண்ணுவார். அடுத்த மாதம் பட்டியல் வரும்போது அம்மா திட்டப்போவது உங்களை. பணம் போனது வீட்டுக்கு.

சோதனைக்குள் போக முன் உயிர் பற்றி ஒரு பேச்சு. சபையின் மீற்றர், அதற்கு முந்திய உருகி, முத்திரை இட்ட மூடி, இவற்றில் கை வைக்கவே கூடாது. முத்திரையை உடைப்பது குற்றம். அதையும் விட, அந்த இடத்தில் கரண்டை நிறுத்த உங்களிடம் ஒரு சுவிட்ச் இல்லை. உங்கள் வேலை எல்லாம் மெயின் சுவிட்சுக்குப் பிறகுதான். அதுவும் சுவிட்சை இறக்கி, சோதனை விளக்கால் உயிர்க்கம்பி செத்திருக்கிறதா என்று பார்த்த பிறகு. மின் வேலை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். கரண்டை அளக்கும் பீஸெம் 004டி பலகையில் பேசும் பக்கத்தை மெயினிலிருந்து ஒளிவழிப் பிரிப்பான்கள் பிரித்து வைத்திருக்கின்றன. மற்றப் பக்கத்தில் திருகாணி முறுக்கும் இடம் முழுவதும் 230 வோல்ற். சொனோஃப் பவ் போன்ற ஆயத்தப் பெட்டிகளில் அந்தப் பிரிவே கிடையாது. உள்ளே 3.3 வோல்ற் என்று எழுதிய முனை, மெயின் கம்பியோடு நேரே ஒட்டியிருக்கிறது. சுவரில் செருகியபடியே அதில் மடிக்கணினியின் யூஎஸ்பியைத் தொடுத்தால் மடிக்கணினி போகும். கை பட்டால் ஆளும் போவார். நிரல் ஏற்றுவது எப்போதும் சுவரிலிருந்து கழற்றிய பிறகே. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

சரி, பெட்டிக்கு வருவோம். முதலில் நோய் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். அளவி பேசவே இல்லையா, பேசிப் பேசி நின்று திரும்ப எழும்புகிறதா, அல்லது பேசுகிறது ஆனால் பொய் சொல்கிறதா? மூன்றுக்கும் மருந்து வேறு. மூன்றையும் ஒன்றாகக் கலந்து வைத்துக்கொண்டுதான் பலர் தடுமாறுகிறீர்கள்.

நின்று நின்று எழும்பும் பெட்டிதான் அதிகம் வருவதால் அதிலிருந்து தொடங்குகிறேன். பெட்டிக்குள் நிரலை ஓட்டும் சில்லு இஎஸ்பி 8266 ஆனாலும் இஎஸ்பி 32 ஆனாலும், கடைசியாகத் தான் ஏன் எழும்பினேன் என்பதை நினைவில் வைத்திருக்கும். அந்த மீள்தொடக்கக் காரணத்தையும், எழும்பி எத்தனை செக்கன் ஆயிற்று என்பதையும் வொட், அம்பியரோடு சேர்த்து அனுப்ப ஓரிரு வரி எழுதுங்கள். காரணம் "மின் வந்தது" என்று இருந்தால் பிழை மின்வழங்கியில். "காவல் கடிகாரம்" என்று இருந்தால் நிரல் எங்கோ சிக்கி நிற்கிறது. இஎஸ்பி 32 தாழ்வழுத்தம் கண்டதாக அறிவித்தால் வேறு எங்கும் தேட வேண்டாம், வழங்கியை மாற்றுங்கள். சரியாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழும்புகிறதா? நீங்கள் இஎஸ்பிஹோம் நிரலை ஏற்றியிருக்கிறீர்கள். எண்களை வாங்கிச் சேர்த்து வைக்கும் ஹோம் அசிஸ்டன்ட் கணினி அதோடு இணையவில்லை. 15 நிமிடம் யாரும் இணையாவிட்டால் தன்னைத்தானே மீளத் தொடக்குவது அதன் இயல்பான அமைப்பு. அந்தக் கால எல்லையைச் சுழியமாக்கினால் அந்த மீள்தொடக்கம் நின்றுவிடும். பலகை பழுது என்று புதிதாய் ஒன்று வாங்கத் தேவையில்லை.

மின்வழங்கி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தச் சில்லுகள் சும்மா இருக்கும்போது சிறிதளவே இழுக்கும். வைஃபையில் ஒரு செய்தியை வீசும் அந்தக் கணத்தில் முந்நூறு மில்லி அம்பியருக்கு மேல் பாய்ந்து கேட்கும். இஎஸ்பி 32 க்குக் குறைந்தது 500 மில்லி அம்பியர் தரும் வழங்கி வேண்டும் என்று அதைச் செய்யும் எஸ்பிரெசிஃப் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. பழைய கைபேசி சாஜரும் மெல்லிய, நீளமான யூஎஸ்பி வயரும் சேர்ந்தால், மேசையில் ஓடிய பெட்டி சுவரில் ஏறியதும் விழும். பலகையின் மின்முனைகளுக்கு நெருக்கமாக 470 மைக்ரோஃபரட் கொள்ளளவி ஒன்றைச் சரியான முனை பார்த்துப் பற்றவையுங்கள். வயரைக் குட்டையாக்குங்கள். அதன் பிறகும் விழுந்தால் சாஜரை மாற்றுங்கள். நம் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம் போல ஐஸ் அறைகளும் வெல்டிங் பட்டறைகளும் இருக்கும் இடங்களில், பெரிய மோட்டர் ஒன்று எழும்பும்போது வீட்டு விளக்கு ஒரு கணம் மங்கும். நல்ல சாஜர் அந்தப் பள்ளத்தைத் தாண்டும்; மலிவானது தாண்டாது. மாலை நேரத்தில் மட்டும் பெட்டி விழுகிறது என்றால் அதே நேரத்தில் வோல்ற்றளவு எவ்வளவு நின்றது என்று உங்கள் வரைபடத்திலேயே பாருங்கள். நம் நாட்டில் விநியோக வோல்ற்றளவு 230 க்கு மேலும் கீழும் 6 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 216 முதல் 244 வரை. அதற்குக் கீழே அடிக்கடி இறங்கினால் அது உங்கள் பெட்டியின் பிழையே அல்ல. திகதி, நேரம், அளவு எழுதி மின்சார சபைக்கு முறையிட வேண்டிய விடயம். நீங்கள் கட்டிய பெட்டி ஊருக்குச் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் இது ஒன்று. ஆனால் உங்கள் வோல்ற் எண் சரி என்று நிரூபித்த பிறகு.

உப்பு. இதைக் கொழும்பிலோ சென்னையிலோ இருந்து எழுதும் வழிகாட்டிகள் போதிய அளவு சொல்வதில்லை. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊர் நம்முடையது. வாடையில் ஈரம், கச்சானில் சுடுதூசி, இரண்டிலும் உப்பு. ஊசி முனையில் செருகும் அந்த நிற நிறமான இணைப்பு வயர்கள் மேசைச் சோதனைக்குச் செய்தவை. கடலைப் பார்த்த விறாந்தையில் ஒரு மாரி தாங்காது. முனை பச்சை பிடிக்கும், தடை ஏறும், அளவி சில நாள் பேசும், சில நாள் பேசாது. தட்டினால் வேலை செய்கிறது, விட்டால் நிற்கிறது என்று நீங்கள் சொல்லும் பெட்டிகளின் கதை அனேகமாக இதுதான். எல்லா இணைப்பையும் பற்றவையுங்கள், அல்லது திருகாணி முனையில் இறுக்குங்கள். பச்சை பிடித்ததை ஐசோபுரோப்பைல் அற்ககோலும் பழைய பல்துலக்கியும் கொண்டு கழுவி, நன்றாய் உலர்த்தி, மின்சுற்றுப் பலகைக்கென்று விற்கும் காப்புப் பூச்சை மெல்லிதாக அடியுங்கள். திருகாணி முனைகளிலும் யூஎஸ்பி வாயிலும் படாமல் மறைத்துக்கொண்டு. வயர் பெட்டிக்குள் கீழிருந்து நுழையட்டும். மேலிருந்து நுழைந்தால் மழைநீர் வயர் வழியே வழிந்து உள்ளே இறங்கும். ஓட்டைகளை அடைக்காவிட்டால் பல்லி முட்டையிடும், எறும்பு கூடு கட்டும்.

இனிப் பேசவே பேசாத பெட்டி. பீஸெம் 004டி யின் அளக்கும் சில்லு மெயின் கரண்டில்தான் உயிர் பெறுகிறது. மேசையில் யூஎஸ்பி மட்டும் கொடுத்து, மெயினைத் தொடுக்காமல், "பதிலே இல்லை" என்று தேடிக்கொண்டிருப்பது வீண். மெயின் இருந்தும் பதில் இல்லையென்றால் அனுப்பும் முனை வாங்கும் முனைக்கும், வாங்கும் முனை அனுப்பும் முனைக்கும் மாறிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் பதிப்புப் பலகை 9600 வேகத்தில், மொட்பஸ் முறையில் பேசும். பழைய பதிப்பின் நூலகம் அதோடு பேசாது. இஎஸ்பி 8266 பூட்டிய நோட்எம்சியு பலகையில் யூஎஸ்பிக்குப் போகும் அதே தொடர் வாயிலை பீஸெமுக்கும் கொடுத்துவிட்டு, நிரலின் பதிவுச் செய்திகளையும் அதிலேயே கொட்டினால் இரண்டும் ஒன்றை ஒன்று குழப்பும். பதிவை நிறுத்துங்கள் அல்லது வேறு முனைக்கு மாற்றுங்கள். பீஸெமின் பேசும் பக்கம் 5 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டது, இஎஸ்பியின் முனைகள் 3.3 வோல்ற்றுக்கு. இடையில் மட்டம் மாற்றும் சிறு பலகை ஒன்றைப் போட்டால் இரு பக்கமும் தெளிவாகக் கேட்கும், சில்லும் பிழைக்கும்.

பொய் சொல்லும் அளவிக்கு வருகிறேன். நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான்.

கரண்டை உணரும் சி.ரி. கவ்வி உயிர்க்கம்பி ஒன்றை மட்டும் சுற்றிக் கவ்வ வேண்டும். உயிர்க்கம்பியும் நொதுமல் கம்பியும் சேர்ந்து போகும் உறை வயரைக் கவ்வினால் ஒன்றன் புலம் மற்றதை அழித்துச் சுழியம் காட்டும். கவ்வியின் இரண்டு பாதியும் சந்திக்கும் முகங்களில் தூசியோ துருவோ இருந்து மயிரிழை இடைவெளி விழுந்தாலும் எண் குறையும். துடைத்து, 'கிளிக்' என்று பூட்டுங்கள். மூன்று கட்ட இணைப்பு உள்ள வீட்டில் கவ்வி ஒரு கட்டத்திலும் வோல்ற் வயர் இன்னொரு கட்டத்திலும் போய்விடுவது நடக்கிறது. இதைப் பிடிக்க அழகான வழி இருக்கிறது. மின் கேத்திலை மட்டும் போடுங்கள். கேத்தில் வெறும் சூடாக்கி. அதன் வலுக்காரணி ஏறக்குறைய 1 ஆகவே இருக்க வேண்டும். 0.5 அருகே காட்டினால் வோல்ற் வயரை வேறு கட்டத்தில் முறுக்கியிருக்கிறீர்கள். அப்படி இருக்கும்போது வலுவும் பாதியாகவே காட்டும். வீடு பாதிக் கரண்டில் ஓடுகிறது என்று எல்லாரும் மகிழ்ந்துகொண்டிருப்பார்கள்.

பணம் மிச்சப்படுத்த பீஸெம் இல்லாமல், எஸ்சிரி 013 கவ்வியை நேரே இஎஸ்பியின் ஒப்புமை முனையில் கொடுத்தவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். அந்த 100 அம்பியர் கவ்வி 100 அம்பியருக்கு 50 மில்லி அம்பியர் தரும். அதை வோல்ற் ஆக்கச் சுமைத் தடையி வேண்டும், 3.3 வோல்ற் அளவைக்கு 22 ஓம். 30 அம்பியருக்கு 1 வோல்ற் தரும் கவ்வியில் அந்தத் தடையி உள்ளேயே இருக்கிறது. வெளியே இன்னொன்று போட்டால் எண் பிழைக்கும். இஎஸ்பி 32 இல் இரண்டாம் ஒப்புமைத் தொகுதியின் முனைகள் வைஃபை ஓடும்போது வேலை செய்யா. 32 முதல் 39 வரையான முனைகளை எடுங்கள். இஎஸ்பி 8266 இல் ஒப்புமை முனையை இடைவிடாமல் வாசித்தால் வைஃபையே அறுந்துபோகும்.

இந்த முறையின் பெரிய பொய் மூன்று. ஒன்று, கம்பியே இல்லாத வெறுங்கவ்வியிலும் இரைச்சலால் ஒரு சின்ன எண் நிற்கும். 0.15 அம்பியர் தானே என்று விடாதீர்கள். 230 ஆல் பெருக்கினால் 34.5 வொட், இரவு பகலாக 30 நாள் ஓடினால் ஏறக்குறைய 25 அலகு. யாரும் பாவிக்காத 25 அலகு, 60 அலகுக் கோட்டில் நிற்கும் வீட்டுக்கு. இரண்டு, வோல்ற்றளவை அளக்காமல் 230 என்று எழுதிவைப்பது. மாலையில் 210 க்கு இறங்கும் வீட்டில் உங்கள் எண் 10 சதவீதம் வரை கூடி நிற்கும். மூன்று, அம்பியரையும் வோல்ற்றையும் பெருக்கினால் வருவது தோற்ற வலு. சபை வீட்டுக்காரரிடம் காசு வாங்குவது உண்மை வலுவுக்கு. கேத்திலுக்கு இரண்டும் ஒன்றுதான். தண்ணி மோட்டருக்கும் பழைய பிரிட்ஜுக்கும் மலிவு எல்ஈடி விளக்குக்கும் அவை வெகுவாக விலகும். வோல்ற்றையும் சேர்த்து அளக்கும் பலகைக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது என்பது என் தீர்மானமான கருத்து.

பொய்யா மெய்யா என்று தீர்ப்பளிக்கும் கருவி உங்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. சபையின் இலத்திரனியல் மீற்றரில் சின்னச் சிவப்பு விளக்கொன்று மின்னும். ஒரு கிலோவொட் மணிக்கு எத்தனை மின்னல் என்று முகப்பில் அச்சிட்டிருக்கும். 1600, 3200 என்று மீற்றருக்கு மீற்றர் மாறும். வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கேத்திலை மட்டும் போட்டு, 20 மின்னலுக்கு எத்தனை செக்கன் என்று கைபேசியில் நேரம் பாருங்கள். முதல் மின்னலில் எண்ணத் தொடங்கும்போது சுழியம் என்று சொல்லுங்கள். ஒன்று என்று தொடங்கினால் கணக்கு ஒன்று குறையும். 36,00,000 ஐ அந்த அச்சிட்ட எண்ணால் வகுத்து, வருவதை ஒரு மின்னலுக்கான செக்கனால் வகுத்தால் வொட். 1600 மீற்றருக்கு முதல் விடை 2250. இருபது மின்னலுக்கு 25 செக்கன் ஆனால் ஒன்றுக்கு 1.25, வலு 1800 வொட். அதே கணத்தில் உங்கள் அளவி என்ன சொல்கிறது? தட்டுச் சுழலும் பழைய மீற்றரிலும் ஒரு அலகுக்கு எத்தனை சுற்று என்று எழுதியிருக்கும், கணக்கு ஒன்றே.

பிறகு கேத்திலை நிறுத்திவிட்டு ஒரு மின்விசிறியை மட்டும் போட்டு அதையே செய்யுங்கள். மின்னல் மெதுவாக வரும், பொறுமை வேண்டும். இந்த இரண்டாவது சோதனையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறீர்கள். கேத்திலிலும் விசிறியிலும் ஒரே சதவீதம் பிழைத்தால் பெருக்கும் எண் பிழை. ஒரு எண்ணை மாற்றினால் தீரும். இரண்டிலும் ஒரே அளவு வொட் கூடி நின்றால் அது இரைச்சல். வெறுங்கவ்வியில் காட்டும் எண்ணைக் கழிக்க வேண்டும். கேத்திலில் சரி, விசிறியில் மட்டும் பிழை என்றால் வலுக்காரணியைப் பாருங்கள். மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுத்து, கேத்திலுக்குச் சரிக்கட்டி விசிறியில் கெடுத்து வைத்த பெட்டிகள் என் மேசையில் இப்போதும் கிடக்கின்றன. கடைசியாக ஒரு முழு நாள் ஒப்பீடு: மீற்றரின் எண்ணையும் அளவியின் எண்ணையும் ஒரே நேரத்தில் எழுதி, மறுநாள் அதே நேரத்தில் திரும்ப எழுதிக் கழித்துப் பாருங்கள்.

வொட் சரியாகவும் மாத அலகு பிழையாகவும் இருப்பது வேறு நோய். உங்கள் நிரல் மாதத்தை ஒன்றாம் திகதியில் தொடங்குகிறது. சபையின் மாதமோ மீற்றர் வாசிக்க வந்த நாளிலிருந்து அடுத்த வாசிப்பு நாள் வரை. பட்டியலில் அந்தத் திகதி இருக்கிறது. அதையே தொடக்கமாக வையுங்கள். நாளின் தொடக்கமும் பிழைக்கும். இணைய நேரத்தை அப்படியே எடுத்தால் கிரீனிச் நேரம்தான் வரும். உங்கள் 'நாள்' காலை ஐந்தரைக்குத் தொடங்கும், இரவெல்லாம் ஓடிய பிரிட்ஜ் முந்திய நாள் கணக்கில் ஏறும். ஐந்தரை மணித்தியாலம் முன் என்று நேர வலயம் கொடுங்கள். (இந்த ஐந்தரையையே 1996 இல் மின் நெருக்கடிக்காக ஆறரை ஆக்கி, பிறகு ஆறு ஆக்கி, 2006 ஏப்ரலில்தான் திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். "பழைய நேரமா, புது நேரமா" என்று கேட்டுக் கேட்டுப் பேசிய அந்தக் காலம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.)

மின்வெட்டும் ஒரு பொய்யை உண்டாக்கும். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அப்படி ஒரு நேரத்தில் உங்கள் இஎஸ்பியும் ரவுட்டரும் பற்றரியில் ஓடிக்கொண்டிருக்கும், பீஸெம் மட்டும் செத்திருக்கும். பதில் வராதபோது நிரல் 'எண் இல்லை' என்று விட வேண்டும். பலர் அதைச் சுழியமாக்கி அனுப்புகிறீர்கள். ஹோம் அசிஸ்டன்ட் அதைப் பார்த்து, மீற்றர் திரும்பச் சுழியத்திலிருந்து தொடங்குகிறது என்று எண்ணும். கரண்ட் வந்ததும் பீஸெம் தன் நினைவில் வைத்திருந்த 840 அலகைச் சொன்னால், அந்த 840 முழுவதும் அந்த ஒரு மணித்தியாலத்தில் எரிந்ததாக வரைபடத்தில் மலைபோல் எழும்பும். வராத பதிலை அனுப்பாதீர்கள், அவ்வளவுதான் மருந்து. அலகை இஎஸ்பியில் கூட்டுவதைவிட பீஸெமின் சொந்தக் கணக்கை எடுப்பதும் நல்லது. கரண்ட் போனாலும் அது மறக்காது.

வைஃபை பற்றிச் சுருக்கமாக. இஎஸ்பி 8266 க்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரவுட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்து இணைப்பு சிக்கினால் தனிப் பெயர் கொடுங்கள். இரும்புப் பெட்டிக்குள் பலகையை வைக்காதீர்கள். பழைய வீடுகளின் தடித்த சுவருக்கு அப்பால் ரவுட்டர் இருந்தால் சமிக்ஞை கழித்தல் 80 டிபிஎம்முக்குக் கீழே போகும், அறுந்து அறுந்து வரும். கரண்ட் வந்ததும் பலகை சில செக்கனில் எழும்பும், ரவுட்டருக்கு நிமிடங்கள் ஆகும். நிரல் ஒருமுறை முயன்று கைவிடாமல் திரும்பத் திரும்ப முயல வேண்டும்.

கூரையில் சூரிய மின்பலகை போட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை.  கூரைகளில் பலகை கூடிக்கொண்டு வருகிறது. பீஸெம் 004டி க்குக் கரண்ட் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாது. நண்பகலில் நீங்கள் சபைக்கு அனுப்பும் அலகையும் நீங்கள் தின்றதாகக் கூட்டும். அப்படிப்பட்ட வீட்டுக்குத் திசை அறியும் அளவிதான் வேண்டும். இதில் சமாளிப்பு எதுவும் சரிவராது.

கடைசியாக உங்களிடம் கேட்பது. ஒவ்வொரு பெட்டியின் மூடிக்கு உட்பக்கமும் ஒரு கடதாசி ஒட்டுங்கள். கட்டிய திகதி, கவ்வி எந்த வகை, கேத்திலில் மீற்றர் சொன்ன வொட், அளவி சொன்ன வொட், விசிறியில் அந்த இரண்டும், ஒரு நாள் ஒப்பீட்டின் வித்தியாசம். வாடை தொடங்க முன் ஒருமுறையும் முடிந்த பிறகு ஒருமுறையும் அதே சோதனையைச் செய்து கீழே எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தால் அங்கேயும் ஒட்டுங்கள். நீங்கள் படிப்புக்கோ வேலைக்கோ ஊரை விட்டுப் போனாலும் அடுத்தவர் அதைப் பார்த்துத் தொடருவார். பெட்டியை என்னிடம் கொண்டுவரும்போதும் அந்தக் கடதாசியோடு கொண்டுவாருங்கள், பாதி வேலை முடிந்திருக்கும். சபையின் மீற்றரோடு ஒப்பிட்டுப் பார்க்கும்வரை, தயவுசெய்து, "இன்னும் ஐந்து அலகு இருக்கு" என்று வீட்டில் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் மின் வேலைக்காரன்,
திருகோணமலை.